ப்ளுவே: கைகால் இழந்தவர்கள் கட்டிய நீலப் பூ

“காகிதப் பூ மணக்காது” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வெளிப்பார்வைக்கு அழகாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாத ஆட்களைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் இப்படிச் சொல்லி முடித்துவிடுவார்கள். இன்று நான் எழுதப்போவது அப்படி மணக்காத ஒரு பூவைப் பற்றித்தான். துணியில் இதழ், செய்தித்தாள் காகிதத்தில் மகரந்தக் காம்பு என்று வைத்துக் கையாலேயே கட்டிய ஒரு சின்ன நீலப் பூ. பிரெஞ்சில் அதன் பெயர் ப்ளுவே.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பூ முற்றிலும் புதியதல்ல. நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தின் முன் நம் சொல்தாக்கள் கூடுவார்கள். கோட்டில் மெடல்கள் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கு மேலே சிலருடைய மார்பில் நீலமாக ஒன்று குத்தியிருக்கும். அதை ஏதோ சங்கத்தின் பேட்ஜ் என்று நினைத்துக் கடந்துபோனவர்கள் பலர். அதன் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் செடியைப் பற்றி. ப்ளுவே என்பது ஐரோப்பாவில் கோதுமை வயலில் தானாக முளைக்கும் களை. நீலம் என்று பொருள்படும் ‘ப்ளு’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். எங்கள் தலைமுறையில் பிரெஞ்சில் படித்த பிள்ளைகளுக்கு இந்தச் செடி பாடப் புத்தகத்தில்தான் அறிமுகம். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் வில்லியனூர் வரைக்கும் நெல்வயல். உள்ளே உட்கார்ந்துகொண்டு நாங்கள் கோதுமை வயலையும், அதில் சிவப்பாகப் பூக்கும் கொக்கலிக்கோவையும், நீலமாகப் பூக்கும் ப்ளுவேயையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். நேரில் பார்க்காத பூவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிடுவோம். வாசலில் பூத்த தும்பைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று கேட்டால் விழிப்போம்.

தும்பையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதுவும் களைதான். தரிசில், வேலியோரத்தில், கூப்பிடாமலே வந்து பூக்கும். அந்த எளிய வெள்ளைப் பூவைத்தான் நம் முன்னோர் நேருக்கு நேர் நின்று செய்யும் போருக்கு அடையாளமாகச் சூடினார்கள். ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, படையெடுக்க வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, மதிலைக் காக்க நொச்சி, களத்தில் பொருத தும்பை, வென்றால் வாகை. போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரை வைத்த மொழி நம்முடையது. ஆகவே போரையும் பூவையும் சேர்த்துப் பேசுவது நமக்கு விசித்திரமாக இருக்காது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பூக்கள் போருக்குப் போகிறவன் சூடியவை. ப்ளுவே போரிலிருந்து பாதி உடம்போடு திரும்பியவன் செய்தது.

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. வடக்குப் பிரான்சில் மைல் கணக்கில் பதுங்குகுழிகள் வெட்டினார்கள். பீரங்கிக் குண்டுகள் விழுந்து விழுந்து வயல்கள் சேறும் பள்ளமுமாயின. மரங்கள் கருகி நின்றன. ஆனாலும் அந்த மண்ணில் இரண்டு பூக்கள் விடாமல் பூத்தன. ஒன்று கொக்கலிக்கோ, மற்றது ப்ளுவே. இதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டுமே உழுத நிலத்தில் வளரும் களைகள். நிலத்தைப் புரட்டிப் போட்டால் உள்ளே கிடக்கும் விதை வெளிச்சம் கண்டு முளைத்துக்கொள்ளும். உழவன் ஏரால் செய்த வேலையை அந்த ஆண்டுகளில் குண்டு செய்தது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் குழிக்குள் முழங்கால் அளவு சேற்றில் நின்றவனுக்கு, தலைக்கு மேலே கரையில் ஒரு நீலப் பூ ஆடுவதைப் பார்க்கும்போது இந்தத் தாவரவியல் எல்லாம் நினைவுக்கு வந்திருக்காது.

பூவின் பெயர் ஆட்களுக்கு வந்தது அப்போதுதான். போர் தொடங்கியபோது பிரெஞ்சுச் சிப்பாய் போட்டிருந்தது பளிச்சென்ற சிவப்புக் கால்சட்டை. தொலைவிலிருந்தே குறிபார்க்க வசதியான நிறம். ஏராளமான உயிர்களைக் கொடுத்த பிறகு, அடிவான நீலம் என்று அவர்கள் சொல்லும் சாம்பல் கலந்த நீலத்துக்குச் சீருடையை மாற்றினார்கள். 1915ஆம் ஆண்டுப் பிரிவில் அழைக்கப்பட்ட இளைஞர்கள் இந்தப் புதுச் சீருடையில், கசங்காத மடிப்போடு வந்து இறங்கினார்கள். ஏற்கெனவே களத்தில் இருந்தவர்கள் தாடியும் சேறுமாக இருந்தவர்கள். அவர்களுக்குப் புவாலு என்று பெயர், மயிரடர்ந்தவன் என்று பொருள். இந்தப் புவாலுக்கள் புதுப் பையன்களைப் பார்த்து “ப்ளுவேக்கள் வந்துவிட்டார்கள்” என்று கேலி செய்தார்கள். மீசை சரியாக முளைக்காத பையன்கள் அவர்கள். கேலியில் தொடங்கிய பெயர், அவர்களில் பலர் ஊர் திரும்பாததால், கேலியாக நிற்கவில்லை.

இனி பாரிசுக்குப் போவோம். அங்கே ஆன்வலீத் என்று ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. தங்கக் கூரைக் கோபுரத்தின் கீழே நெப்போலியன் கல்லறை உள்ள அதே இடம். படத்தில் பார்த்தவர்கள் அதை நெப்போலியன் சமாதி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அது 1670இல் பதினான்காம் லூயி மன்னன், போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்காக ஏற்படுத்திய இல்லம். நெப்போலியன் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. ஊனமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனை அங்கே இன்றும் நடக்கிறது.

முதல் உலகப் போரின்போது இந்த இடம் நிரம்பி வழிந்தது. கை இல்லாதவர், கால் இல்லாதவர், பார்வை போனவர், முகத்தில் பாதி போனவர். போரில் பிரான்சு இழந்த உயிர்கள் சுமார் 14 லட்சம். காயம்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. அங்கே சுசான் லெனார் என்ற தலைமைச் செவிலி இருந்தார். அவர் கணவர் கொலோனியால் காலாட்படையில் கப்பித்தேன், 1915இல் போரில் இறந்தவர். இன்னொருவர் ஷார்லோத் மல்த்தேர். ஆன்வலீத் தலைவராக இருந்த ஜெனரல் நியோக்சின் மகள், ஜெனரல் மல்த்தேரின் மனைவி. இருவரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். காயம் ஆறிய பிறகுதான் இந்த ஆட்கள் உடைந்துபோகிறார்கள். பொழுது போகவில்லை. சம்பாத்தியம் இல்லை. நேற்றுவரை தச்சனாகவோ உழவனாகவோ இருந்தவன் இன்று கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறான். அவனுக்கு மருந்தோடு ஒரு வேலையும் வேண்டும்.

அந்த வேலைதான் பூக் கட்டுவது. இதற்கான முயற்சி போர்க்காலத்திலேயே, 1916 வாக்கில் தொடங்கியது. 1925இல் ஆன்வலீத்தில் இதற்கென்று ஒரு பட்டறையே அமைந்தது.

நீங்கள் யோசிக்கலாம், ராணுவத்து ஆளுக்குப் பூத்தொழிலா என்று. ஆனால் பாரிசில் துணிப்பூ செய்வது சாதாரண வேலை அல்ல. பெண்களின் தொப்பிக்கும் கல்யாண உடைக்கும் வேண்டிய பூக்களைச் செய்ய அங்கே பெரிய கைத்தொழிலே இருந்தது. துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்க வேண்டும். இரும்பு அச்சால் இதழை வெட்ட வேண்டும். நுனி உருண்டையான இரும்புக் கருவியைச் சுடவைத்து அழுத்தி, தட்டையான இதழுக்குக் குழிவு கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கம்பியில் சேர்த்துக் கட்ட வேண்டும். ப்ளுவேக்கு இதழ் நீலத் துணி, நடுவில் உள்ள மகரந்தக் காம்புகளுக்குச் செய்தித்தாள். மலிவாகக் கிடைக்கும் பொருள்தான், ஆனால் நுணுக்கமான வேலை. நம் ஊரில் பூக்காரம்மா வாழைநாரை இடது கையில் பிடித்து வலது கையால் முடிச்சுப் போடுவதை எத்தனை முறை பார்த்திருப்போம். பத்து விரலும் ஒத்துழைக்க வேண்டிய வேலை அது. ஐந்து விரல், மூன்று விரல் மட்டும் மிஞ்சியவன் அதைச் செய்ய எத்தனை நாள் பழகியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படிக் கட்டிய பூக்களைத் தெருவில் விற்றார்கள். வந்த பணத்தில் கட்டியவர்களுக்கு ஒரு சிறு வருமானம் கிடைத்தது. இதற்கிடையே 1920இலேயே, ஊனமுற்ற வீரர்கள் சங்கத்தின் தலைவரான லூயி ஃபோந்த்தனாய் என்பவர், பிரான்சுக்காக இறந்தவர்களின் நிரந்தர அடையாளமாக ப்ளுவேயை ஏற்க வேண்டும் என்று முன்மொழிந்திருந்தார். 1934 நவம்பர் 11, போர்நிறுத்த நாளன்று, ப்ளுவே பெரிய அளவில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. அன்று விற்றவை 1,28,000 பூக்கள். மறு ஆண்டு முதல் நவம்பர் 11 விற்பனைக்கு அரசே அங்கீகாரம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மே 8ஆம் நாளும் 1957இல் இதில் சேர்ந்துகொண்டது. 1991 முதல் முன்னாள் வீரர்களுக்கான தேசிய அலுவலகம் இதை நடத்துகிறது. பணம் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் போகிறது.

அந்த வயலில் பூத்த மற்றொரு பூவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொக்கலிக்கோதான் ஆங்கிலேயர் நவம்பரில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூ. கனடாவைச் சேர்ந்த ராணுவ மருத்துவர் ஜான் மக்ரே 1915இல் எழுதிய ஒரு கவிதையால் அது புகழ் பெற்றது. ஆனால் அதைத் துணியில் செய்து விற்கலாம் என்று இங்கிலாந்தை ஒப்புக்கொள்ளவைத்தவர் அன்னா கேரேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. போரில் அழிந்த பகுதிகளின் விதவைகளையும் குழந்தைகளையும் கொண்டு துணிப் பாப்பிகளைச் செய்வித்து விற்றவர் அவர். 1921 நவம்பரில் பிரிட்டனில் முதல் பாப்பி தினம் நடந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் ஐந்தே ஐந்து ஊனமுற்ற வீரர்களோடு ஒரு பாப்பிப் பட்டறை தொடங்கினார்கள். கை ஊனமானவரும் சேர்த்துக் கட்டும்படியாகப் பூவின் அமைப்பையே எளிதாக்கினார்கள். ஆன்வலீத்தில் இரண்டு பெண்களுக்குத் தோன்றிய அதே யோசனைதான்.

பிரிட்டனின் ஆட்சி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பாப்பியும் போயிற்று. இலங்கைக்கும் போனது. அங்கே ஒரு கேள்வி எழுந்தது: கொழும்பில் பூ விற்று வரும் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது, போரிலிருந்து திரும்பிய இலங்கைக்காரனுக்கு மிஞ்சுவது கொஞ்சம் என்று தெரிந்தபோது, 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் போட்டியாக இன்னொரு பூவை அதே நவம்பர் 11 அன்று விற்கத் தொடங்கினார். அதற்குச் சூரிய மல் என்று பெயர். 1933 முதல் இடதுசாரி இளைஞர்கள் அதை ஓர் இயக்கமாக்கினார்கள். இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியையாக இருந்த டோரீன் யங் அதில் முன்னின்றார். ஓர் ஆங்கிலப் பெண்மணியே ஆங்கிலேயப் பூவுக்கு எதிராக நின்றது அந்நாளில் பெரிய பேச்சு. அந்த இயக்கத்தில் இருந்தவர்கள்தாம் பிறகு 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

சூரிய மல் என்ன பூ என்று கேட்டால் சிரிப்பீர்கள். நம் பூவரசம்பூதான். காலையில் மஞ்சளாக மலர்ந்து சாயங்காலம் சிவந்து வாடும் அதே பூ. நாம் சிறுவயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரம்.

பூவுக்குள் அர்த்தம் தானாக இருப்பதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் சொல்லிவிடுகிறேன். பிரான்சு தியாகத்தின் அடையாளமாக வைத்துக்கொண்ட அதே ப்ளுவே, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் முதல் கைசர் வில்ஹெல்முக்குப் பிரியமான பூ. ஆஸ்திரியாவில் 1933க்குப் பிறகு நாஜிக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள இதே பூவைக் கோட்டில் குத்திக்கொண்டார்கள். பாரிசில் கைபோனவன் கட்டிய பூ 1,28,000 விற்ற அதே காலம் அது. ஒரே செடி, ஒரே நீலம். ஆக, பூவைப் பார்த்துப் பயனில்லை. யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், உண்டியலில் விழும் காசு யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். இலங்கைக்காரர்கள் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

அந்தக் கேள்வியை நம் ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போனவர்கள் முதல் உலகப் போரிலிருந்தே உண்டு. அவர்களுக்காகத்தான் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் எழுந்தது. 1938 ஏப்ரல் 3 அன்று கவர்னர் க்ரொசிக்கியா அதைத் திறந்துவைத்தார். பிறகு இரண்டாம் உலகப் போர், அதன் பிறகு இந்தோசீனா, அல்ஜீரியா. நம் சொல்தாக்களில் பலர் இருந்தது கொலோனியால் படையில். பூ கட்டக் கற்றுக்கொடுத்த அந்தச் செவிலியின் கணவர் இருந்த அதே பிரிவு.

நான் பணியில் இருந்த காலத்தில் எத்தா சிவில் பதிவேடுகள் கையில் வந்து போகும். பிறப்பு, திருமணம், இறப்பு என்று பிரெஞ்சில் சாய்வெழுத்தில் எழுதிய பெரிய பெரிய புத்தகங்கள். நகல் கேட்டு வருபவர்களுக்காகப் பக்கம் புரட்டும்போது, அபூர்வமாக ஓர் இறப்புப் பதிவின் ஓரத்தில் ‘மோர் பூர் லா ஃப்ரான்ஸ்’ என்று எழுதியிருக்கும். பிரான்சுக்காக இறந்தவர். இப்படிக் குறிக்க வேண்டும் என்பது 1915 ஜூலை 2ஆம் நாள் சட்டம். பதிவில் அவர் பெயர் தமிழ்ப் பெயராக இருக்கும். தகப்பனார் தொழில் உழவு என்றிருக்கும். இறந்த இடம் நாம் வரைபடத்தில் தேட வேண்டிய ஏதோ ஒரு பிரெஞ்சுக் கிராமமாக இருக்கும். அந்த ஓரக் குறிப்பைப் படித்துவிட்டுச் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிட எனக்குக் கை வராது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். நாங்கள் சொல்தா மாமா என்போம். இந்தோசீனாவில் இருந்து திரும்பியவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அவர் வீட்டு அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி டம்ளருக்குள் ஒரு ப்ளுவே இருக்கும். எனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதிருக்கும். ஒருநாள் அதை எடுத்து மூக்கில் வைத்தேன். “மோந்து பாக்காதடா. இது மோந்து பாக்குற பூ இல்ல. கை இல்லாதவன் கட்டினது,” என்றார். அதட்டவில்லை. கையிலிருந்து வாங்கி ஊதித் தூசு தட்டி மறுபடியும் டம்ளருக்குள் வைத்தார்.

அவருக்கு ஒரு கூட்டாளி, பக்கத்துத் தெரு. ஒரே படைப்பிரிவு, ஒரே கப்பலில் போய் ஒரே கப்பலில் வந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று நம் பிரதேசம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதைத்தான் நாம் இன்றும் ‘ஒப்சியோன்’ என்கிறோம். சொல்தா மாமா ஒப்சியோன் கொடுத்தார். கூட்டாளியின் தாயார், “நம்ம மண்ணு சுதந்திரமாயிருக்கு, நீ எதுக்கு வேத்தாளா இருக்கணும்?” என்று கேட்க, அவர் கொடுக்கவில்லை. இருவர் செய்ததிலும் குற்றமில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் நியாயம் வேறு.

ஆனால் பாரிசில் ஒரு சட்டம் இருந்தது. 1959 டிசம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டத்தின் 71ஆவது பிரிவு. பிரான்சின் ஆட்சியில் முன்பு இருந்து பிறகு வேறு நாட்டுக் குடிமக்களான முன்னாள் சிப்பாய்களின் பென்ஷன், 1961 முதல், அன்றிருந்த அளவிலேயே நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். இதைப் பிரெஞ்சில் ‘உறையவைத்தல்’ என்றே சொன்னார்கள். விலைவாசி ஏற ஏறப் பிரெஞ்சுக் குடிமகனின் பென்ஷன் ஏறும். மற்றவனுடையது உறைந்து நிற்கும். செனகல், மொரோக்கோ, அல்ஜீரியா என்று எத்தனையோ நாட்டு வீரர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

இருவருக்கும் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றுக்கும் கடிதங்களுக்கும் பிரெஞ்சு எழுதிக் கொடுத்தவன் நான். ஒரே திண்ணையில் இரண்டு காகிதங்களும் என் மடியில் இருக்கும். இரண்டு தொகைகளையும் நான் பார்ப்பேன். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் காப்பி வரும்.

நவம்பர் 11 வந்தால் இருவரும் சேர்ந்தேதான் கடற்கரைக்குப் போவார்கள். இருவர் மார்பிலும் ப்ளுவே இருக்கும். ஒருமுறை அந்தக் கூட்டாளியிடம் கேட்டேன், “உங்களுக்கு இப்படிச் செஞ்சிருக்காங்களே, அப்புறமும் எதுக்கு இதைக் குத்திக்கிறீங்க?” என்று. அவர் சொன்ன பதில் எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. “தம்பி, இந்தப் பூவ கவர்ன்மான் செய்யல. என்ன மாதிரி ஒருத்தன் செஞ்சான்.”

அந்தச் சட்டம் உடனே மாறவில்லை. 2002இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2006இல் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய ‘ஆந்திழேன்’ என்ற படம் வந்து பிரான்சில் பெரும் விவாதமான பிறகு இன்னும் சில மாற்றங்கள் செய்தார்கள். கடைசியில் 2010 மே 28 அன்று பிரான்சின் அரசியல் சாசன மன்றம், குடியுரிமையை வைத்து இப்படிப் பிரித்தது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. குடிமக்களே நேரடியாகக் கேள்வி எழுப்பலாம் என்ற புதிய முறையில் அந்த மன்றம் எடுத்த முதல் வழக்கே இதுதான். குமாஸ்தா புத்தி தேதிகளை விடாது. நம் பிரதேசத்தை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானதும் ஒரு மே 28தான், 1956இல். இரண்டுக்கும் நடுவே 54 ஆண்டுகள். அந்தத் தீர்ப்பு வந்தபோது திண்ணையில் இருவருமே இல்லை.

ப்ளுவேயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் நன்றியின் அடையாளம் என்பார்கள். நாடு தன் வீரனுக்குக் காட்டும் நன்றி. அது தவறில்லை. ஆனால் அந்தக் கூட்டாளி சொன்னதுதான் வரலாற்றுக்கு அருகில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தப் பூ ஓர் அரசாங்கத்தின் ஆணையில் பிறக்கவில்லை. அரசாங்கம் பத்தாண்டு கழித்துத்தான் அதற்கு முத்திரை குத்தியது. முதலில் இருந்தது ஒரு விதவைச் செவிலியும், வேலை இல்லாமல் கட்டிலில் கிடந்த ஆட்களும், கொஞ்சம் துணியும் செய்தித்தாளும். தன்னைப் போல அடிபட்ட இன்னொருவனை அடையாளம் கண்டுகொள்ளும் பூ அது. அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது.

இன்று பிரான்சில் ப்ளுவே பெரும்பாலும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கராகவும் உலோகப் பின்னாகவும் வருகிறது. துணிப்பூ குறைந்துவிட்டது. நம் ஊரிலும் சொல்தாக்கள் குறைந்துவிட்டார்கள். பழைய வீடு இடிக்கும்போது, அலமாரி ஒழிக்கும்போது, மெடலைப் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது பித்தளை, பார்த்தாலே தெரிகிறது. பூ குப்பைக்குப் போய்விடுகிறது. நிறம் போன ஒரு துணித்துண்டு, நடுவில் பழுப்பேறிய காகிதம், அவ்வளவுதானே என்று.

ஆகவே படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ அப்படி ஒரு நீலப் பூ கிடைத்தால் வீசிவிடாதீர்கள். வெயில் படாத ஒரு சிறு டப்பாவில், துவைத்த மல் துணியில் சுற்றி வையுங்கள். பசை ஒட்ட வேண்டாம், தண்ணீர் காட்ட வேண்டாம். கூடவே ஒரு சீட்டில் அதை வைத்திருந்தவரின் முழுப் பெயர், பிறந்த ஊர், எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு போனார், எந்த ஆண்டு வந்தார் என்று தெரிந்தவரை எழுதி உள்ளே போடுங்கள். தமிழில் எழுதினாலே போதும். பிரெஞ்சுக் காகிதம் ஏதாவது கிடைத்து, படிக்கத் தெரியவில்லை என்றால் கொண்டுவாருங்கள். கண் இன்னும் தெரிகிறது, படித்துச் சொல்கிறேன்.